தன்மை ஒருமை

தன்னைப் பற்றித் தானே எழுதுவது என்றால் நமக்கு நினைவுக்கு வருபவை மூன்று: சுயசரிதை, புத்தகத்துக்கு முன்னால் போடும் என்னுரை, 'நான்' என்று தொடங்கும் கவிதை. இந்த மூன்றைப் பற்றியும் நம் பத்திரிகைகளில் போதுமான அளவுக்குச் சண்டை நடந்திருக்கிறது. நான்காவதாக ஒன்று உண்டு. அதை யாரும் எழுத்து என்றே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்கு இடம் கேட்கும் மாணவர்கள் விண்ணப்பத்தோடு சேர்த்து எழுதி அனுப்ப வேண்டிய ஒன்றிரண்டு பக்கங்கள் அவை. எஸ்.ஓ.பி. என்றும் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்றும் மாணவர்கள் சொல்கிறார்கள். நான் யார், இதுவரை என்ன செய்தேன், இனி ஏன் இதைப் படிக்க வேண்டும், அதை உங்களிடம் வந்து ஏன் படிக்க வேண்டும் என்பதை முன்பின் தெரியாத நாலைந்து பேராசிரியர்களுக்குச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். பெரும்பாலும் ஆயிரம் சொல்லுக்குள் சொல்லி முடிக்கவேண்டும்.

இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த ஊரில் படித்த ஒரு பெண், தன்னைப் பற்றி, தான் ஒருபோதும் முகம் பார்க்காத வாசகர்களுக்கு, முழு மனதோடு இரண்டு பக்கம் எழுதுவது பெரும்பாலும் வாழ்க்கையில் இந்த ஒரே தடவைதான். அந்த இரண்டு பக்கத்தில் அவளால் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்றால் அது அவளுடைய ஆங்கிலத்தின் குறை மட்டுமல்ல. நம் உரைநடை அவளுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. நடையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தூத்துக்குடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். கடல் உயிரியல், மீன்வளம், நுண்ணுயிரியல், வேதியியல் படித்த பிள்ளைகள் வருஷா வருஷம் அக்டோபர், நவம்பரில் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். 'இலக்கணப் பிழை மட்டும் பார்த்தாப் போதும் சார்' என்பார்கள். இலக்கணப் பிழை அநேகமாக இருக்காது. ஆனால் பத்துத் தாளைச் சேர்ந்தாற்போல் படித்தால் எழுதியவர் ஒருவர்தானோ என்று சந்தேகம் வரும். முதல் வாக்கியத்தில் கடல் வரும். கடலோரத்தில் பிறந்ததால் சிறுவயது முதலே கடலின் மர்மங்கள் என்னைக் கவர்ந்தன என்று வரும். இரண்டாம் பத்தியில் நான் கடின உழைப்பாளி, ஆர்வம் மிக்கவன், குழுவோடு இணைந்து செயல்படக்கூடியவன் என்று வரும். கடைசிப் பத்தியில் தங்களுடைய புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பெரும் பாக்கியமாகக் கருதுவேன் என்று முடியும். நடுவில் ஒரு மனிதர் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

இது நம்முடைய தனிச்சொத்து என்றும் நினைக்க வேண்டாம். 2007-இல் பிரிட்டனில் பட்டப்படிப்பு விண்ணப்பங்களைத் திரட்டும் யூகாஸ் என்ற அமைப்பு, ஐம்பதாயிரம் மாணவர் அறிக்கைகளைக் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளில் ரசாயனப் பெட்டியை வைத்து விளையாடிப் பைஜாமாவில் ஓட்டை விழுந்ததையும், அன்றிலிருந்து விஞ்ஞானத்தின் மேல் ஆசை பிறந்ததையும் 234 பேர் எழுதியிருந்தார்கள். ஒரே பைஜாமா, 234 உடம்புகள். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரி அறிக்கையை எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்வதோடு விட்டுவிட்டால் விஷயம் தப்பிப்போகும். திருடுவதற்கு அவர்கள் ஏன் ஒரு குழந்தைப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவரவர்க்கு ஒரு குழந்தைப் பருவம் இல்லாமலா போயிற்று? இருந்தது. ஆனால் அது சொல்லத் தகுந்த வடிவத்தில் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தன் அனுபவம் எழுத்தாகாது, எழுத்து என்பது வேறு எங்கோ தயாராகி வரும் ஒரு பொருள் என்ற நம்பிக்கைதான் இதில் முதல் நோய். இங்கிலாந்துப் பையனுக்கும் அது உண்டு. தூத்துக்குடிப் பெண்ணுக்கு அதோடு வேறொன்றும் சேர்கிறது.

அந்த வேறொன்று மனு. இன்றும் திங்கட்கிழமை கோரம்பள்ளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால், குறைதீர்க்கும் நாளில் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். பட்டாவோ முதியோர் பணமோ, கேட்க வந்தவர் தன் வழக்கைப் பேச்சில் அழகாகத்தான் சொல்கிறார். எந்த வருஷம், எந்தத் தாசில்தார், மழையில் எந்தச் சுவர் இடிந்தது எல்லாம் வருகிறது. காகிதத்தில் இறங்கும்போது அது 'ஐயா, நான் மிகவும் ஏழ்மையான நிலையில் உள்ளேன், தாங்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஆகிவிடுகிறது. இடிந்த சுவர் போய்விட்டது. நிலை என்ற ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதிகாரத்தின் முன்னால் போகும்போது செய்தவற்றையும் நடந்தவற்றையும் வாசலில் விட்டுவிட்டுக் குணத்தையும் நிலையையும் மட்டும் ஏந்திக்கொண்டு போகவேண்டும் என்பதை நாம் துரைமார் காலத்திலிருந்து, அதற்கு முன்பிருந்தும்கூட, பழகியிருக்கிறோம். நம் மாணவர்களின் எஸ்.ஓ.பி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தமிழ் மனு. எழுத்து மாறியிருக்கிறது. கூப்பிய கை அப்படியே இருக்கிறது.

இதை இலக்கணமாகவே பார்க்க முடியும் என்று தோன்றுகிறது. தமிழில் தன்மை ஒருமையைக் காட்டும் விகுதிகளில் இன்று நம் வாயில் நிற்பது 'ஏன்'. வந்தேன், பார்த்தேன், எண்ணினேன். 'நான்' என்று தனியே சொல்லாவிட்டாலும் வினையின் வாலில் ஆள் இருக்கிறான். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் ஒற்றை எழுத்தாக நிமிர்ந்து நிற்கும் 'ஐ' நமக்கு இல்லை. நம்முடைய 'நான்' ஏதாவது ஒரு வினையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஆனால் இதே 'ஏன்' இன்னொரு இடத்திலும் வருகிறது. அடியேன், சிறியேன், எளியேன், நாயேன். இவை குறிப்பு வினையின் வம்சம். இவற்றில் செயல் இல்லை. காலமும் வெளிப்படையாக இல்லை. நேற்றும் அடியேன், இன்றும் அடியேன், நாளைக்கும் அடியேன். முதல் 'ஏன்' ஒருவன் என்ன செய்தான் என்கிறது. இரண்டாவது 'ஏன்' அவன் எப்படிப்பட்டவன் என்கிறது.

நான் பார்க்கும் தாள்களில் பத்தில் ஒன்பது வாக்கியம் இரண்டாவது வகை. ஆர்வம் மிக்கேன், உழைப்புடையேன், தலைமைப் பண்புடையேன். ஆங்கிலச் சட்டை போட்டிருப்பதால் இவை தன்னம்பிக்கையாகத் தெரிகின்றன. சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது அடியேன்தான். தற்புகழ்ச்சியும் தற்சிறுமையும் இங்கே ஒரே இலக்கணம். இரண்டிலும் சரிபார்க்க எதுவும் இல்லை. நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம். பக்திக் கவிஞன் 'நாயேன்' என்று சொல்வதை நாம் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், சொல்லுக்கு முன்னும் பின்னும் கவிதை முழுவதிலும் ஒரு மனம் உருகிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது. அந்த உருக்கம் இல்லாமல் விகுதியை மட்டும் கடன் வாங்கினால் மனுதான் மிஞ்சும்.

தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சம், அது நம் பண்பாடு என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நன்னூலைப் பிரித்துப் பார்க்கலாம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி இந்தப் பிரச்சினையைத் தெளிவாகவே கையாண்டிருக்கிறார். எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது, ஆகவே ஒருவன் நூலுக்குப் பாயிரம் வேறொருவர் எழுதவேண்டும் என்கிறார். யார் யார் எழுதலாம் என்றும் சொல்கிறார்: அவனுடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரையாசிரியர். இன்று பல்கலைக்கழகங்கள் கேட்கும் சிபாரிசுக் கடிதம் இதுதான். ஆனால் பவணந்தி அதோடு நிறுத்தவில்லை. தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நாலு சந்தர்ப்பங்களையும் கொடுக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, சபையில் வாதம் செய்து வெல்லவேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னை இழித்துப் பேசும்போது. நம் மாணவி அனுப்பும் இரண்டு பக்கத்துக்கு முதல் சந்தர்ப்பமும் இரண்டாவதும் அப்படியே பொருந்தும். ஆகவே கூச்சத்துக்கு இலக்கணத்தின் ஆதரவு இல்லை.

எப்படிச் சொல்வது என்பதற்கும் அதே நூலில் வழி இருக்கிறது. தெரிநிலை வினை என்றால் அதில் ஆறு விஷயம் தெரியவேண்டும் என்கிறது நன்னூல். என்ன வேலை நடந்தது, யார் செய்தது, எதைக் கொண்டு, எந்த இடத்தில், எப்போது, விளைந்தது என்ன. பானை வனைந்தான் என்றால் மண்ணும் சக்கரமும் குயவனும் பொழுதும் பானையும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஒரு நல்ல எஸ்.ஓ.பி.க்கு இதைவிடச் சிறந்த சூத்திரத்தை நான் எந்த அமெரிக்கக் கையேட்டிலும் பார்க்கவில்லை.

இந்தக் கடற்கரைக்கு மனு மட்டுமே பரம்பரை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக்கி அடிகளார் தமிழில் அச்சிட்ட நூல்களில் ஒன்று 1580-இல் கொச்சியில் வந்த 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று இந்தக் கரையின் பரதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எழுதப்பட்டது. மத விஷயத்தை விட்டுவிட்டு நடை விஷயமாக மட்டும் அதைப் பார்க்கிறேன். 1551-இல் திரிதெந்து சங்கம் வகுத்த விதியின்படி, பாவசங்கீர்த்தனத்தில் 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது. சாவான பாவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என்ன செய்தேன், எந்தச் சூழ்நிலையில் செய்தேன் என்று சொல்லியாகவேண்டும். எத்தனை தடவை என்று குருவானவர் கேட்பார். அதாவது குறிப்பு வினை செல்லாது, தெரிநிலை வினைதான் செல்லும். தன்னைப் பற்றி இன்னொருவருக்கு எண்ணிக்கையோடும் சூழ்நிலையோடும் சொல்வதற்கு இந்தக் கரையில் ஒரு கூட்டம் நாலரை நூற்றாண்டாகப் பழக்கப்பட்டிருக்கிறது. குற்றத்தைச் சொல்ல மட்டும் அந்தத் துல்லியத்தை வைத்துக்கொண்டு, வேலையைச் சொல்லும்போது மனுவுக்குப் போய்விட்டோம்.

ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்து 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. தன் சுயசரிதையை அகவலில் எழுதினார். அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து 1946-இல் அது புத்தகமாக வந்தது. கவிதையாக அதை நான் உயர்த்திப் பேசமாட்டேன். ஆனால் படித்தது, வழக்காடியது, சிறைபட்டது என்று நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிப்போகிற நடை அது. வக்கீல் அல்லவா? சாட்சியம் எது, வர்ணனை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தாளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். ஒரு பெண் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுதியிருந்த தாளில் முதல் பத்தி, உப்பளத் தொழிலாளியின் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தாலும் சிறுவயது முதலே விஞ்ஞானத்தில் தணியாத தாகம் என்று இருந்தது. அவள் செய்த ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் தலைப்பு மட்டும். நான் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

'உப்பு எறங்கப்போகுதுன்னு உங்க அம்மாவுக்கு எப்படிம்மா தெரியும்?'

'தண்ணி செவந்துட்டுன்னா தெரியும் சார். அம்மா டிகிரி பாக்கற குழாயெல்லாம் தொடவே மாட்டாங்க. நிறத்தப் பாத்தே சொல்லிருவாங்க.'

'அது ஏன் செவக்குது?'

இந்தக் கேள்விக்குப் பிறகு அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். உப்பு ஏற ஏற மற்ற உயிர்கள் செத்துப்போய், உப்பை விரும்பும் ஒரு பாசியும் நுண்ணுயிர்களும் மட்டும் பெருகி நீரைச் சிவப்பாக்குகின்றன. போமே அளவில் சுமார் 25 டிகிரியில் உப்பு படிய ஆரம்பிக்கும். அவள் ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் மூன்று அளங்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை நீர் எடுத்திருக்கிறாள். பாத்தியில் இறங்கி, அம்மாவை நிறம் சொல்லச் சொல்லி, அதை எழுதிக்கொண்டு, பிறகுதான் குழாயை விட்டு டிகிரி பார்த்திருக்கிறாள். இரண்டு அளங்களில் அம்மாவின் கண்ணும் குழாயும் ஒத்துப்போயின. மூன்றாவதில் போகவில்லை. அங்கே நீர் முன்னாலேயே சிவந்துவிடுகிறது. காரணம் அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கல்லூரியில் இருந்த கருவிகளைக் கொண்டு தெரிந்துகொள்ளவும் முடியாது.

'இத ஏம்மா எழுதல?'

'இது புராஜெக்ட்ல இருக்கே சார். இங்க நம்மளப் பத்தில்ல கேக்காங்க?'

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். தான் செய்த வேலை 'தன்னைப் பற்றியது' இல்லை. தன் ஏழ்மையும் தாகமும்தான் தன்னைப் பற்றியவை. எங்கேயிருந்து இது வந்தது? பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து வந்தது, மேடைப் பேச்சிலிருந்து வந்தது, சினிமாவிலிருந்து வந்தது. நம்மிடமிருந்தும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவள் தாளைத் திரும்ப எழுதினாள். மூன்றாவது அளத்தில் ஆரம்பித்தாள். ஏழ்மை என்ற சொல் போய்விட்டது. ஆனால் அம்மா வந்துவிட்டார்; பரிதாபத்துக்கு உரியவராக இல்லாமல், குழாய் இல்லாமல் நீரின் அடர்த்தி சொல்லும் ஒருவராக. ஏழ்மையும் ஒன்றும் மறைந்துவிடவில்லை. பாட்டில்களை மாநகரப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனாள் என்ற ஒரு வரியில் அது தானாக இருக்கிறது. அவளுக்கு இடம் கிடைத்ததா என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம். நான் பேசுவது வெற்றிக்கு வழியைப் பற்றி இல்லை. அந்த இரண்டாவது தாளில் ஒரு ஆள் இருந்தாள். முதல் தாளில் இல்லை.

இதற்கு நேர் எதிரான குற்றமும் உண்டு. அது விஞ்ஞானம் கொஞ்சம் அதிகமாகப் படித்தவர்களிடம் வருவது. மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, அளவுகள் எடுக்கப்பட்டன, முடிவுகள் காணப்பட்டன. செயல் இருக்கிறது, செய்தவன் இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கு இந்தச் செயப்பாட்டு வினை சௌகரியமாக இருக்கலாம். ஆனால் தூத்துக்குடியில் இருந்துகொண்டு, கை இல்லாமல் விஞ்ஞானம் நடக்கும் என்று ஒருவர் நம்புவது வேடிக்கை. 1973-இல் இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி இந்தியாவில் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். உயிரோடு இருக்கும் சிப்பியின் வாயை அளவாகத் திறந்து, இன்னொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கையும் ஒரு சிறு உருண்டையையும் அதன் உடம்புக்குள் வைத்து, அது சாகாமல் கடலில் திரும்ப விடவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் சிப்பி செத்துவிடும். ஒரு கை அதைச் செய்தது. அந்தக் கை எத்தனை தடவை தவறியது, எங்கே கற்றுக்கொண்டது என்பதுதான் மேல்படிப்புக்கு ஆள் எடுப்பவர் அறிய விரும்புவது. அடியேன் செயலை ஒளிக்கிறான் என்றால் செயப்பாட்டு வினை ஆளை ஒளிக்கிறது. இரண்டும் பயம்தான்.

இன்னும் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சில, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மாதிரி, நோக்க அறிக்கை ஒன்றும் சொந்த வரலாறு ஒன்றுமாக இரண்டு தாள் கேட்கின்றன. 2023 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இனம் தன் வாழ்க்கையைப் பாதித்த விதத்தைப் பற்றி விண்ணப்பதாரர் கட்டுரையில் எழுதினால் அதைக் கவனத்தில் கொள்ளத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. கட்டுரையின் மேல் பாரம் இன்னும் ஏறிவிட்டது. அடிபட்ட இடத்தைக் காட்டு என்ற எதிர்பார்ப்பு கடல் தாண்டி இங்கேயும் வந்துவிடுகிறது, ஏஜெண்டுகள் மூலமாக. 2018 மே மாதம் இந்த ஊரில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சுற்றுச்சூழல் விஞ்ஞானம் படிக்க விண்ணப்பித்த ஒரு பையன் தாளில் அந்த நாள் மூன்று பத்திக்கு வந்திருந்தது. 'நீ அன்னைக்கு எங்கடே இருந்த?' என்று கேட்டேன். கோவில்பட்டியில் சித்தி வீட்டில் இருந்தானாம். ஏஜெண்ட் எழுதச் சொன்னாராம். அதே வருஷம் வந்த இன்னொரு பையன், அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவன், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டதற்கு 'அது இதுக்கு இல்ல சார்' என்றான். அந்த நாலு சொல்லில் இருந்த நடைப் பிரக்ஞை நம் கவிதைத் தொகுப்புகள் பலவற்றில் இல்லை. காயம் ஒருவனுடைய தெரிநிலை வினையாக இருந்தால், அதாவது அவன் அங்கே இருந்து, அதன் பிறகு ஏதோ செய்து, அந்தச் செய்கை அவன் படிப்போடு சேர்ந்தால், எழுதட்டும். இல்லாவிட்டால் அது இரவல் பைஜாமா. பைஜாமாவைவிடக் கேவலம், ஏனென்றால் இதில் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை ஏலம் விடும் முறை ஒன்று இருந்தது. இந்தக் கரையில் கடைசியாக 1961-இல் குளித்தார்கள். கடலிலிருந்து வந்த சிப்பியைத் திறக்காமலேயே குவியலாகப் போட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆகவே குளிப்புத் தொடங்குமுன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவது வழக்கம். ஏலம் கேட்பவனுக்கு அந்த மதிப்பீடு ஒன்றுதான் பிடிமானம். சிப்பி எப்படிப் பளபளக்கிறது என்ற வர்ணனையை அவன் கேட்கமாட்டான். சேர்க்கைக் குழுவின் நிலைமையும் இதுதான். திறந்து காட்டிய நாலு சிப்பி வேண்டும். மூன்றாவது அளம் அப்படி ஒரு சிப்பி.

இப்போது இயந்திரமும் எழுதிக் கொடுக்கிறது. 2022 கடைசியிலிருந்து எனக்கு வரும் தாள்களில் ஆங்கிலம் திடீரென்று வழவழப்பாகிவிட்டது. இதைக் கண்டு பதறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இயந்திரம் மிக நன்றாகச் செய்வது குறிப்பு வினை. ஆர்வம், ஈடுபாடு, தணியாத தாகம் எல்லாவற்றையும் அது யாருக்கு வேண்டுமானாலும் அளந்து கொடுத்துவிடும். மனிதர்கள் ஏற்கெனவே இயந்திரம்போல எழுதிக்கொண்டிருந்ததால் இயந்திரத்துக்கு வேலை சுலபமாயிற்று. அது தெரிநிலை வினையையும் புனைந்து கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் புனைந்த செயலுக்குப் பின்னால் எந்தக் குழாய், எந்தப் பாத்தி, மழை வந்த அன்று என்ன செய்தாய் என்று கேட்டால் நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் விழிக்கவேண்டிவரும். ஏழ்மையில் தாகமெடுத்தவரை யாரும் அப்படிக் கேட்க முடியாது. பொய் சொல்லவே முடியாத இடம் என்று பார்த்தால் குறிப்பு வினைதான். அங்கே உண்மையும் சொல்ல முடியாது.

நம்மிடமிருந்தும் வந்தது என்று சொன்னேன். நம்முடைய தொகுப்புகளின் முன்னால் நாம் எழுதும் என்னுரைகளை எடுத்துப் பாருங்கள். சிறுவயது முதலே சொற்களின் மேல் காதல். தனிமை என் தோழன். வலியிலிருந்து பிறந்தவை இக்கவிதைகள். எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இவை எந்த விதத்தில் அந்த மாணவர்களின் தாள்களைவிட மேலானவை? எதைப் படித்தேன், எந்த வரியை எத்தனை தடவை அடித்தேன், எந்தக் கவிதை ஏன் நின்றுபோயிற்று என்று எழுதியவர்கள் நம்மில் மிகக் குறைவு. நவீன கவிதையின் 'நான்' மேடைக் கவிதையின் 'நாம்' என்பதை எதிர்த்துப் பிறந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எதிர்த்தது உண்மை. ஆனால் கூட்டத்திலிருந்து பிரிந்துவந்த அந்த ஒருவன் பிறகு என்ன செய்தான்? ஜன்னல் அருகே உட்கார்ந்தேன், வெறுமையாக இருந்தேன் என்பதோடு பெரும்பாலான கவிதைகளில் அவன் வேலை முடிந்துவிட்டது. நாமும் ஒருவகை அடியேனைத்தான் உருவாக்கினோம். அவன் கடவுளுக்கோ கலெக்டருக்கோ அடியேன் இல்லை, தன் மனநிலைக்கு அடியேன்.

தமிழில் 'ஏன்' என்ற சொல் விகுதியாகவும் இருக்கிறது, கேள்வியாகவும் இருக்கிறது. சொற்பிறப்பில் இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் இரண்டாவது தாளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. எடுத்தேன், அளந்தேன், எண்ணினேன்; மூன்றாவது அளம் ஏன் ஒத்துவரவில்லை? ஒரு காரியத்தைச் செய்து முடித்து, அது செய்தவரின் கையைவிட்டு மீறிப் போகும் இடத்தில் கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்விதான் அவளை உண்மையாக வேறொரு ஊருக்கு அனுப்புகிறது. ஏழ்மையும் தாகமும் யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை. அடுத்த தொகுப்புக்கு என்னுரை எழுதப்போகும் நண்பர்கள், அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அதில் எத்தனை 'ஏன்' முதல் வகை, எத்தனை இரண்டாம் வகை என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். விமர்சனம் எழுத வருகிறவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.